பெடல் பவர் மீட்டர்: ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா?

விடியல்மிதி:
வணக்கம் நண்பர்களே. சென்னைக்காரன். வார நாட்களில் வீட்டில் ஸ்மார்ட் ட்ரெய்னர் (சைக்கிளை நிறுத்தி மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி), வார இறுதியில் ஈசிஆர். இதுவரை நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டையை வைத்துத்தான் பயிற்சி. ஜனவரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறவேண்டும், அப்புறம் 300 கி.மீ. ப்ரெவே (நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்றை முடிக்கவேண்டும் என்று ஆசை. டிசம்பரில் சித்தி மகன் ஜெர்மனியிலிருந்து வருகிறான். மிதிக்கும் பவரை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் பெடல் வாங்கிவரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஃபவேரோ அசியோமாவில் இடது பக்கம் மட்டும் அளக்கும் ஊனோ இருக்கிறது, இரண்டு பக்கமும் அளக்கும் டுவோ இருக்கிறது. கார்மின் ராலியிலும் அதே கதைதான். விலை வித்தியாசம் கையைக் கடிக்கிறது. என்னிடம் ஒரு ரோடு பைக்கும் ஒரு பழைய ஸ்டீல் சைக்கிளும் உண்டு, இரண்டையும் ஓட்டுகிறேன். எதை வாங்கலாம்? அல்லது வாங்கவே வேண்டாமா? எடை 75 கிலோ.

அவிநாசிரோடு:
இரண்டு சைக்கிள் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் பெடல்தான் சரி. கழற்றி மாட்ட ஐந்து நிமிடம். கிராங்கில் (பெடலைத் தாங்கிச் சுழலும் கை) இருக்கும் மீட்டரை அப்படி மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் ஓரளவு தெளிவாகும். முறுக்கு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் பவர். வேகத்தை அளப்பது சுலபம். விசையை எங்கே அளப்பது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. 1980களில் ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் செய்த எஸ்ஆர்எம் கிராங்க்கில் அளந்தது. பவர்டேப் பின்சக்கர ஹப்பில் அளந்தது. ஸ்டேஜஸ் இடது கிராங்க் ஆர்மில் ஒட்டியது. பெடலில் அச்சுக்குள்ளேயே ஸ்ட்ரெயின் கேஜ் இருக்கிறது. நாம் மிதிக்கும்போது அந்த அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கேஜின் மின்தடை மாறுகிறது, அதிலிருந்து விசையைக் கணக்கிடுகிறார்கள்.

எவ்வளவு விசை என்கிறீர்களா? 90 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 90 சுற்று) 200 வாட் போட்டால், 172.5 மி.மீ. கிராங்கில் சராசரியாக 123 நியூட்டன். ஏறத்தாழ பன்னிரண்டரை கிலோ. அதே 200 வாட்டை 60 ஆர்பிஎம்மில் போட்டால் 185 நியூட்டன் ஆகிவிடும். திரையில் ஒரே எண்தான் தெரியும், வித்தியாசம் முட்டிக்குத்தான் தெரியும்.

பழையசெயின்:
தம்பி, அந்தக் காசுக்கு நல்ல டயர் இரண்டு செட், ஒழுங்கான பைக் ஃபிட் ஒன்று, ஊட்டிக்குக் குடும்பத்தோடு ஒரு பயணம், எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். கோத்தகிரியை நாங்கள் எல்லாம் எந்த மீட்டரும் இல்லாமல்தான் ஏறினோம். பேச முடிந்தால் சரியான வேகம். வார்த்தை வார்த்தையாக விழுந்தால் கொஞ்சம் அதிகம். பேச்சே வரவில்லை என்றால் மெதுவாகப் போ. இதற்கு பேட்டரி தேவையில்லை. ஹார்ட் ரேட் பட்டையே எனக்கு ஆடம்பரம்தான்.

துடிப்பு90:
அண்ணா சொல்லும் பேச்சுச் சோதனையை நானும் எல்லோருக்கும் சொல்லித்தருகிறேன். நெடுநேரம் நிதானமாக ஓட்டுவதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆனால் அது இரண்டு இடத்தில் கைவிட்டுவிடும்.

ஒன்று, சின்ன இன்டர்வல்கள், அதாவது கொஞ்ச நேரம் பலமாக மிதித்து இடையில் ஓய்வெடுக்கும் பயிற்சி. மூன்று நிமிடம் பலமாக மிதி என்றால், முதல் ஒரு நிமிடம் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். துடிப்பை மட்டும் பார்க்கிறவர் அந்த நேரத்தில் தேவைக்கு மேல் மிதித்துவிட்டு, கடைசியில் தொங்கிப்போவார். வாட் அந்த நொடியிலேயே சொல்லிவிடும்.

இரண்டாவது நம் ஊர் வெயில். காலை ஐந்தரைக்கு 150 வாட்டில் 135 துடிப்பு என்றால், அதே ஆள் அதே 150 வாட்டில் எட்டரை மணிக்கு 150 துடிப்பில் இருப்பார். வியர்த்துக் கொட்டி ரத்தத்தில் நீர் குறைகிறது, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகவேண்டும், அதனால் இதயம் அடிக்கடி அடிக்கிறது. துடிப்பை மட்டும் பார்த்தால் "நான் அதிகமாக உழைக்கிறேன்" என்று தோன்றும். கால்கள் செய்யும் வேலை மாறவே இல்லை. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது புரியும்.

வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈசிஆரில் காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து 35-ம் வரும், 24-ம் வரும். சமதளத்தில் பெரும்பாலான உழைப்பு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அந்தப் பங்கு வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். காற்றில்லாத நாளில் 30-லிருந்து 33-க்குப் போனால் காற்றுக்கான பவர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சராசரி வேகத்தை வைத்து யாரும் தன் உடம்பு தேறியதா என்று முடிவு செய்யாதீர்கள்.

விடியல்மிதி:
நன்றி அக்கா. வெயில் விஷயம் எனக்கு அப்படியே நடக்கிறது. மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது துடிப்பு எப்போதும் அதிகம். நான் பலவீனமாகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெடுவழி:
ப்ரெவே என்று எழுதியிருக்கிறீர்கள், யாரும் கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் துண்டு) பற்றிக் கேட்கவில்லையே! பவர் மீட்டர் பெடல் வாங்குவது என்றால் கிளீட் சிஸ்டத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். ஊனோ, டுவோ இரண்டுக்கும் லுக் கியோ வகை கிளீட். ராலி ஆர்எஸ்ஸுக்கு ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல். இரண்டுமே ஷூவுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கிளீட். 300 கி.மீ.க்கு 20 மணி நேரம் கொடுக்கிறார்கள். அதில் கன்ட்ரோல் (வழியில் பதிவு செய்யும் இடம்), டீக்கடை, பெட்ரோல் பங்க் கழிப்பறை என்று எத்தனை தடவை இறங்கி நடக்கவேண்டும்! ஈரமான டைல்ஸ் தரையில் அந்தக் கிளீட்டோடு நடந்து பாருங்கள். கிளீட்டும் வேகமாகத் தேயும்.

இரண்டு போல்ட் எஸ்பிடி கிளீட் உள்ளே அமுங்கியிருக்கும், சாதாரண ஷூ மாதிரி நடக்கலாம். அதற்கு கார்மினில் ராலி எக்ஸ்சி இருக்கிறது. ஃபவேரோ 2024-ல் அசியோமா ப்ரோ எம்எக்ஸ் கொண்டுவந்தது. டுவோ-ஷி (ஷிமானோ பெடல் உடம்புக்கான டுவோ) அச்சைக் கழற்றி ஷிமானோ எஸ்பிடி பெடல் உடம்பில் மாட்டும் கைவைத்தியமும் உண்டு. வாரன்டி போய்விடும், நான் சொல்லமாட்டேன்.

இப்போது எந்த ஷூ வைத்திருக்கிறீர்கள்?

விடியல்மிதி:
எஸ்பிடிதான். மவுன்டன் பைக் ஷூ. ஸ்டீல் சைக்கிளில் அதைத்தான் பழகினேன், ரோடு பைக்கிலும் அதையே போட்டுவிட்டேன்.

நெடுவழி:
அப்படியானால் உங்கள் பட்டியலிலிருந்து ஊனோ, டுவோ இரண்டையும் அடித்துவிடுங்கள். புது ஷூ செலவும் மிச்சம்.

பழையசெயின்:
பார்த்தாயா, பெடல் கேட்க வந்தவனுக்கு ஷூ வரைக்கும் போய்விட்டது.

அவிநாசிரோடு:
நெடுவழி சொன்னது முக்கியமான விஷயம், நான் விட்டுவிட்டேன். எம்எக்ஸிலும் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என இரண்டும் கிடைக்கும். அதனால் ஆரம்பக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒரு பக்கம் மட்டும் அளக்கும் பெடல், இடது காலின் பவரை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. உண்மையில் நீங்கள் போடுவது 200 வாட், இடது கால் 48 சதவீதம் என்று வையுங்கள். இடது 96. திரையில் 192. இடது 52 சதவீதம் உள்ளவருக்கு அதே 200 வாட் 208 ஆகத் தெரியும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேருக்கு நடுவே 16 வாட் வித்தியாசம்! ஆனால் உங்கள் பங்கு எப்போதுமே 48-ஆக இருந்தால் பயிற்சிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சோதனையும் அதே மீட்டரில், பயிற்சியும் அதே மீட்டரில், தவறு இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். பக்கத்து ஆளோடு ஒப்பிட்டால்தான் வம்பு.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பங்கு நிலையாக இருப்பதில்லை. நிதானமாக ஓட்டும்போது 47, ஏற்றத்தில் முக்கும்போது 50, களைத்த பிறகு 46 என்று ஆடுகிறவர்கள் நிறைய. அப்போது திரையில் பவர் இறங்கியது உடம்பு தளர்ந்ததாலா, வலது கால் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ததாலா என்று பிரித்தறிய வழியில்லை. காலில் பழைய அடி, அறுவை சிகிச்சை ஏதும் இருந்தால் நான் யோசிக்காமல் இரண்டு பக்கம் என்பேன்.

ஒரு பக்க மீட்டரில் உலகத்தரத்தில் ஓட்டினவர்களும் உண்டு. டூர் தெ பிரான்ஸ் வென்ற கிறிஸ் ஃப்ரூம் இருந்த ஸ்கை அணி ஸ்டேஜஸின் இடது கிராங்க் மீட்டரைத்தான் பயன்படுத்தியது. 2015 டூர் தெ பிரான்சில் லா பியர் சாங் மார்த்தாங் ஏற்றத்தில் அவர் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனபோது ஊக்கமருந்தோ என்று பெரிய சந்தேகக் கூச்சல். அணியே எண்ணை வெளியிட்டது: சராசரி 414 வாட். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். அவர் போட்டிருந்த ஓவல் செயின்ரிங்கினால் (முன்பக்கப் பல்சக்கரம்) மீட்டர் சுமார் 6 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது, கழித்தால் கிலோவுக்கு 5.78 வாட். ஒரு சுற்றுக்குள் கிராங்க் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று மீட்டர் எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அது. வட்டமல்லாத செயின்ரிங்கில் சுற்றின் ஒரு பகுதியில் கிராங்க் வேகமாகவும் இன்னொரு பகுதியில் மெதுவாகவும் போகும். அசியோமாவில் கைரோஸ்கோப் வைத்து சுற்றுக்குள்ளேயே வேகத்தை அளக்கிறார்கள், அதனால் ஓவல் போட்டாலும் கவலையில்லை. உங்களுக்கு வட்டச் செயின்ரிங்தானே, இதெல்லாம் சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பழையசெயின்:
> பக்கத்து ஆளோடு ஒப்பிட்டால்தான் வம்பு

இதுதான் என் வாதமே. வாங்குகிற முக்கால்வாசிப் பேர் பக்கத்து ஆளோடு ஒப்பிடத்தான் வாங்குகிறார்கள். குழுவாக ஓட்டும்போது முன்னால் மாடு குறுக்கே வருகிறது, இவர் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்ட்ராவா ஆப்பில் கிலோவுக்கு 4 வாட் என்று போடுவார், ஏலகிரியில் மூன்றாவது வளைவில் தள்ளிக்கொண்டு நிற்பார்.

துடிப்பு90:
அண்ணா, நீங்கள் சொல்வது மீட்டரின் குறை இல்லை, ஆளின் குறை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு நாளைக்குக் குறைவாக ஓட்டுகிறவர் இதை வாங்கினால் தண்டம்தான். பவர் மீட்டர் யாரையும் வலுவாக்காது. என்ன செய்தோம் என்று எழுதிவைக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் பார்த்து அடுத்த வாரத்தை மாற்றுகிறவருக்கு மட்டும் பயன்.

நீலகிரிமிதி:
கோத்தகிரிக்காரன். வாரத்துக்கொரு தடவையாவது இந்த ரோட்டில் இறங்கி ஏறுகிறவன். ஏற்றத்தில் பவர் மீட்டர் எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கி.மீ., ஏறும் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். நீங்கள் 75, சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 10, மொத்தம் 85 கிலோ. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 12.5 லட்சம் ஜூல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஏறினால் அதற்கே 174 வாட். டயர் உராய்வு, காற்று, செயின் இழப்பு எல்லாம் சேர்த்தால் 220 பக்கம் வரும். இரண்டரை மணி நேரம் என்றால் 170 போதும். அரை மணி நேரத்துக்கு 50 வாட்! உங்களால் இரண்டு மணி நேரம் 220 தாங்க முடியுமா என்பது வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும், வழியில் குஞ்சப்பனை தாண்டி நின்றுகொண்டு கண்டுபிடிக்கவேண்டியதில்லை.

சமவெளிக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கெடுகிறார்கள். காலையில் கால் புதுசாக இருக்கும், குளிர்ந்த காற்று, முதல் அரை மணி நேரம் 260, 270 என்று போய்விடும். மூச்சு அப்போது நன்றாகத்தான் இருக்கும், துடிப்பும் இன்னும் முழுதாக ஏறியிருக்காது. அதற்கான வட்டியை மேலே கட்டுவார்கள். முதல் பத்து கி.மீ.க்கு ஒரு உச்சவரம்பு எண் வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் ஓட்டுங்கள், மீட்டருக்குக் கொடுத்த காசு அதிலேயே வந்துவிடும்.

கியரையும் பாருங்கள். பின்னால் கேசட்டில் (பல்சக்கரத் தொகுதி) பெரியதே 28 பல் என்றால், செங்குத்தான இடங்களில் 170 வாட்டில் நீங்கள் ஆசைப்படும் காடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்காமல் போகலாம். 32 அல்லது 34 போடுங்கள்.

விடியல்மிதி:
பின்னால் 28தான் இருக்கிறது. குறித்துக்கொண்டேன். அந்த "தாங்க முடிகிற எண்"ணை எப்படிக் கண்டுபிடிப்பது? எஃப்டிபி சோதனை என்று படித்தேன்.

துடிப்பு90:
நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, 20 நிமிடம் உங்களால் முடிந்த அளவு ஒரே சீராக மிதியுங்கள். அந்தச் சராசரியில் 95 சதவீதம்தான் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்க முடிகிற பவர்) என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 240 வந்தால் 228. அதிலிருந்து மண்டலம் பிரிப்பார்கள். நிதான ஓட்டம் 56 முதல் 75 சதவீதம், உங்களுக்கு 128-லிருந்து 171. த்ரெஷோல்ட் (எஃப்டிபியை ஒட்டிய கடின உழைப்பு) 91-லிருந்து 105. வாரத்தில் பெரும்பகுதி அந்த நிதான மண்டலத்தில்தான் இருக்கவேண்டும். பவர் மீட்டர் வாங்கியதும் நிறைய பேருக்கு முதலில் கிடைக்கும் அதிர்ச்சியே "இவ்வளவு மெதுவாகவா" என்பதுதான்.

எங்கே சோதிப்பது என்பது நம் ஊரில் பெரிய பிரச்சினை. சிக்னல், யு-டர்ன், மீன் வண்டி இல்லாமல் 20 நிமிடம் கிடைக்காது. ட்ரெய்னரில் செய்யுங்கள், ஆனால் முகத்துக்கு நேராகப் பெரிய ஃபேன் வைத்து. காற்றோட்டம் இல்லாத அறையில் செய்த சோதனை உங்கள் உடம்பை அளக்காது, அறையின் சூட்டைத்தான் அளக்கும்.

இன்னொன்று, 20 நிமிட எண்ணில் கிடைத்த 228-ஐ இரண்டு மணி நேர ஏற்றத்தில் அப்படியே போடலாம் என்று நினைக்காதீர்கள். அதில் 80 சதவீதம் பக்கத்தில் ஆரம்பியுங்கள். ப்ரெவேக்கு அதைவிடவும் கீழே.

ரிப்பேர்ஸ்டாண்ட்:
வாங்கினால் மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். இறுக்குவதற்கு எப்போதும் சக்கரம் முன்னோக்கி உருளும் திசை என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சரியாக வரும். மரையைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். 2013-ல் வந்த கார்மின் வெக்டர் காலத்தில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் மாட்டினால் எண்ணே தப்பாக வரும். இப்போதுள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் லூசாக விடாதீர்கள்.

அச்சுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் புடைப்பாக இருக்கும் மாடல் என்றால், அது கிராங்க் ஆர்மில் உரசுகிறதா, வலது பக்கம் செயின் பெரிய ரிங்கில் இருக்கும்போது படுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பட்டால் வாஷர் போடவேண்டும்.

ஆப்பில் கிராங்க் நீளத்தைப் பதியவேண்டும். கிராங்க் ஆர்மின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும். 165-ஐ 172.5 என்று போட்டால் பவர் நாலரை சதவீதம் கூடக் காட்டும். இரண்டு சைக்கிளில் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பழைய ஸ்டீல் சைக்கிளில் பெரும்பாலும் 170 இருக்கும்.

ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாதபோது மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது): ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்தவுடன் செய்யாதீர்கள். வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கட்டும், உலோகம் வெளிச்சூட்டுக்கு வரட்டும், அப்புறம் பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் திரையில் நொடிக்கு நொடி பவரைப் போடவேண்டாம், 140, 210, 165 என்று குதித்துத் தலைசுற்றும். மூன்று நொடிச் சராசரி போடுங்கள்.

கடல்கடந்தவன்:
ஜெர்மனியில் வாங்குவதானால் விற்பவரிடம் வாரன்டி இந்தியாவில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பெடல் பழுதானபோது வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்கள், போக வரக் கூரியர் செலவு என் தலையில். பெட்டி, பில் இரண்டையும் வைத்திருங்கள்.

விடியல்மிதி:
எல்லோருக்கும் நன்றி. எம்எக்ஸ் இரண்டு பக்கம் சொல்லிவிட்டேன். முன்பு இடது முட்டியில் ஒரு தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது, அவிநாசிரோடு எழுதியதைப் படித்தபோதே முடிவாகிவிட்டது.

இன்னொரு கேள்வி. நண்பரின் பெடலை என் ட்ரெய்னரில் மாட்டிப் பார்த்தோம். பெடல் 205 காட்டினால் ட்ரெய்னர் 198 காட்டுகிறது. எது பொய்?

அவிநாசிரோடு:
இரண்டும் பொய்யில்லை. பெடல் உங்கள் காலடியில் அளக்கிறது, ட்ரெய்னர் செயினைத் தாண்டி அளக்கிறது. நடுவில் செயின், கேசட், ஜாக்கி வீல் எல்லாம் கொஞ்சம் தின்றுவிடும். செயின் சுத்தமாக இருந்தால் இரண்டு மூன்று சதவீதம், அழுக்காக இருந்தால் இன்னும் கூட. உங்களுக்கு மூன்றரை. அதோடு இரண்டு கருவிக்கும் ஒரு சதவீதம் முன்பின் இருக்கும். பெடல் குறைவாகக் காட்டி ட்ரெய்னர் அதிகமாகக் காட்டினால்தான் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

உள்ளே, வெளியே இரண்டுக்கும் பெடல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆப்களில் ட்ரெய்னரைத் தடை தரும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு பவரைப் பெடலிலிருந்து எடுக்கலாம்.

ரிப்பேர்ஸ்டாண்ட்:
மூன்றரை என்றால் செயினைக் கழுவு தம்பி.

விடியல்மிதி:
பெடல் வந்துவிட்டது. மாட்டி, கிராங்க் நீளம் போட்டு, ஜீரோ ஆஃப்செட் செய்து ஓட்டியாயிற்று. நிதானமாக ஓட்டும்போது இடது 46, வலது 54. கொஞ்சம் பலமாக மிதித்தால் 48, 52 என்று வருகிறது. வலி எதுவும் இல்லை. இதைச் சரிசெய்ய ஒற்றைக்கால் பயிற்சி ஏதாவது செய்யவேண்டுமா? ஆப்பில் பெடல் ஸ்மூத்னெஸ், டார்க் எஃபெக்டிவ்னெஸ் என்று வேறு எண்கள் வருகின்றன, ஒன்றும் புரியவில்லை.

துடிப்பு90:
வலி இல்லாமல், பலமாக மிதிக்கும்போது சமநிலைக்கு வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். 50-50 என்பது பரிசு கொடுக்கும் எண் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இடது காலை வேண்டுமென்று அழுத்தினால்தான் புதுசாக வலி வரும். அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது தொடை வலது தொடையைவிட மெலிந்திருக்கிறதா என்று பிசியோவிடம் ஒருமுறை அளந்து பாருங்கள். மெலிந்திருந்தால் அதற்கான வேலை தரையில், எடை வைத்து. சைக்கிள்மேல் இல்லை.

ஸ்மூத்னெஸ், எஃபெக்டிவ்னெஸ் இரண்டையும் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். சுற்று முழுக்க விசை எவ்வளவு சீராக இருக்கிறது, மேலே வரும் கால் எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் எண்கள் அவை. பெடலை மேலே இழுத்து இந்த எண்களை உயர்த்தப் பார்க்கிறவர்கள் உண்டு. நன்றாக ஓட்டுகிறவர்கள் கீழே பலமாக மிதிக்கிறார்கள், மேலே வரும் காலின் எடையை எதிர்க்கால் சுமக்காத அளவுக்குத் தூக்குகிறார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து, அந்த 46 களைத்த நேரத்தில் 43, 42 என்று போகிறதா என்று மட்டும் பாருங்கள். போனால் எழுதுங்கள்.

பழையசெயின்:
சரி, வாங்கியாயிற்று, இனி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெடல் வந்துவிட்டதே, அந்த நெஞ்சுப் பட்டை சும்மாதானே கிடக்கிறது? என்ன விலைக்குக் கொடுப்பாய்?

துடிப்பு90:
தம்பி, கொடுத்துவிடாதீர்கள்! வாட் நீங்கள் செய்யும் வேலை, துடிப்பு அதற்கு உடம்பு கொடுக்கும் விலை. இரண்டு மணி நேர நிதான ஓட்டத்தில் முதல் பாதியில் ஒரு துடிப்புக்கு எத்தனை வாட், இரண்டாம் பாதியில் எத்தனை என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய ஒரே வெயிலில் ஓட்டிய நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலான இறக்கம் வாரத்துக்கு வாரம் குறைந்தால் ப்ரெவேக்குத் தயாராகிறீர்கள் என்று அர்த்தம். பட்டை இல்லாமல் இது தெரியாது. அண்ணா புதுசு வாங்கட்டும்.

விடியல்மிதி:
மன்னிக்கவும் அண்ணா, பட்டை விற்பனைக்கு இல்லை. 28 பல் கேசட் ஒன்று இருக்கிறது, வேண்டுமா?